எல்லையோரச் சந்தைப் பெண்கள்: தொழில் நின்ற நாட்களைத் தாண்டிய வரலாறு

திருவிதாங்கூர் வரலாறு என்றதும் மார்த்தாண்ட வர்மாவும் வேலுத்தம்பித் தளவாயும் நம் நினைவுக்கு வருகிறார்கள். எல்லைப் போராட்டம் என்றால் மார்ஷல் நேசமணி. இவை எழுதப்பட்ட வரலாறு, எழுதப்பட வேண்டியதும்தான். ஆனால் அதே மண்ணில், பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் சுற்றுப்பட்ட ஊர்களில், விடியற்காலையில் தலையில் சும்மாடு வைத்து, கடவத்தில் சரக்கேற்றி, சந்தைக்கு நடந்து போய், மாலையில் அரிசியும் உப்புமாக வீடு திரும்பிய நம் பாட்டிமார்களைப் பற்றி நம் மலர்களில் எத்தனை பக்கம் இருக்கிறது? விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இவர்கள் யாரிடமும் சம்பளம் வாங்கியவர்கள் அல்லர். தாங்களே முதல் போட்டு, தாங்களே கொள்முதல் செய்து, தாங்களே விற்றவர்கள். கருப்பட்டி காய்ச்சியவர், மீன் சுமந்தவர், ஓலை முடைந்தவர், மரச்சீனிக் கிழங்கு விற்றவர், கோழிமுட்டை சேர்த்தவர் எனப் பலர். கடந்த 200 ஆண்டுகளில் இவர்களுடைய தொழில் எதிர்பாராமல் நின்றுபோன காலங்கள் பல உண்டு. கலகம் வந்தது, போர் வந்தது, எல்லை வந்தது, புயல் வந்தது, கடைசியில் கண்ணுக்குத் தெரியாத கிருமியும் வந்தது. ஒவ்வொரு தடவையும் இவர்கள் எப்படித் தாங்கினார்கள், அதற்கு என்ன விலை கொடுத்தார்கள் என்பதை வரிசையாகப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். எனக்கு வியாபாரம்தான் தொழில். ஆகவே கணக்குப் புத்தகத்தைப் பார்க்கிற கண்ணோடுதான் இந்த வரலாற்றையும் பார்க்க முடிகிறது. வாசகர்கள் பொறுத்தருள்க.

பழைய சான்றுகள்

பெண்கள் சொந்தமாகப் பொருள் ஈட்டியதும், அதைத் தம் விருப்பப்படி கையாண்டதும் நேற்று வந்த வழக்கம் அல்ல. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் ஓர் ஆய்மகள் வருகிறாள். மோர் விற்று உணவுப்பொருள் வாங்குகிறாள். நெய்க்கு விலையாகப் பொன் கொடுத்தால் வேண்டாம் என்கிறாள். அதற்குப் பதில் எருமையும் பசுவும் பெறுகிறாள். வியாபாரிகள் இதைச் சற்று நிதானித்துப் படிக்க வேண்டும். பொன் பெட்டியில் கிடக்கும், எருமை பால் தரும், கன்று போடும். வந்த இலாபத்தை மறுபடியும் தொழிலிலேயே போடுகிற அறிவு அவளுக்கு இருந்தது என்பதுதான் இதன் பொருள்.

நம் பகுதிக்கு இன்னும் அருகில் ஒரு சான்று இருக்கிறது. மார்த்தாண்டத்தை அடுத்த சிதறால் மலை பழைய திருச்சாரணத்து மலையாகும். அங்குள்ள கல்வெட்டு ஒன்று, ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டில் குணந்தாங்கி குரத்திகள் என்ற சமணப் பெண் ஆசிரியர் அங்குள்ள பட்டாரியாருக்குப் பொன் அணி அளித்ததைச் சொல்கிறது. காலம் கி.பி. 9ஆம் நூற்றாண்டு. இவர் பேராயிற்குடி அரிட்டநேமி பட்டாரரின் மாணவி. கழுகுமலைக் கல்வெட்டுகளிலும் திருச்சாரணத்துக் குரத்திகள் பெயர் வருகிறது. இவர்கள் வணிகப் பெண்கள் அல்லர், துறவியர். என்றாலும் ஒரு பெண்ணின் கையால் பொருள் கொடுக்கப்பட்டதும், அவள் பெயரிலேயே அது கல்லில் ஏறியதும், ஊர்விட்டு ஊர் சென்றதும் இந்த மண்ணுக்குப் புதியவை அல்ல என்பதற்கு இது சாட்சி.

கருப்பட்டிப் பொருளாதாரம்

இப்பகுதியின் பழைய தொழில் பனைத்தொழில். ஆண் பனையேறி அக்கானி இறக்குவான். கலயத்தில் சுண்ணாம்பு தடவியிருப்பதால் அது புளிக்காது. அதன் பிறகு எல்லாம் பெண் வேலை. சுள்ளி விறகு சேர்த்து, மணிக்கணக்கில் அடுப்பில் காய்ச்சி, பதம் பார்த்து, சிரட்டையில் ஊற்றி ஆறவைத்தால் கருப்பட்டி. பதம் ஒரு நிமிடம் தப்பினாலும் அன்றைய உழைப்பு பாழ். சந்தைக்குக் கொண்டுபோய் விற்பதும் பெரும்பாலும் அவள்தான்.

இத்தொழிலில் இரண்டு இடிகள் எப்போதும் தலைக்குமேல் தொங்கின. ஒன்று, பனையேறி மரத்திலிருந்து விழுவது. அன்றோடு அக்கானி வரத்து நின்றது, அடுப்பு அணைந்தது. மற்றொன்று, பருவம் முடிந்து மழை பிடித்தால் மாதக்கணக்கில் வருமானம் இல்லாதது. இரண்டாவதற்கு ஓரளவு வழி கண்டிருந்தார்கள். பருவத்தில் எல்லாருடைய சரக்கும் ஒரே நேரத்தில் சந்தைக்கு வரும், விலை விழும். அப்போது எல்லாவற்றையும் விற்றுவிடாமல் கொஞ்சத்தை அடுப்புக்கு மேலே பரணில் ஏற்றி வைப்பார்கள். புகை படப்பட ஈரம் ஏறாது. மழைக்காலத்தில் விலை ஏறும்போது ஒவ்வொன்றாக இறக்கி விற்பார்கள். சொல்லப்போனா அந்தப் பரண்தான் அவர்களுடைய வங்கி.

ஆனால் பரணில் ஏற்றி வைக்க எல்லாராலும் முடியாது. முந்தின மழைக்காலத்தில் வியாபாரியிடம் முன்பணம் வாங்கித் தின்றவள், பருவத்தில் அவன் சொன்ன விலைக்கே சரக்கைக் கொடுத்தாக வேண்டும். அவளுக்குப் பரண் காலி. ஒரே தொழில், ஒரே ஊர், ஒரே சந்தை. ஒருத்தி தப்புகிறாள், இன்னொருத்தி மாட்டிக்கொள்கிறாள். வேறுபாடு திறமையில் இல்லை, கையிருப்பில் இருந்தது. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

சந்தையே போர்க்களமான காலம்

தோள்சீலைப் போராட்டத்தைச் சமூக வரலாறாகவே நாம் படித்திருக்கிறோம். 1822 முதல் 1859 வரை பல அலைகளாக நடந்தது. மிஷன் சபைகளில் சேர்ந்த நாடார் பெண்கள் மேலாடை அணிந்து வெளியே வந்தபோது தாக்கப்பட்டார்கள். 1829 பிப்ரவரி 3ஆம் நாள் வந்த அரச ஆணை குப்பாயம் அணியலாம், மேல்சாதிப் பெண்களைப்போல் மேல்முண்டு அணியக் கூடாது என்றது. 1858 இறுதியில் கலகம் மீண்டும் வெடித்தது. 1859 ஜூலை 26ஆம் நாள் உத்திரம் திருநாள் மகாராஜா காலத்தில் பிரகடனம் வந்து, மார்பை மறைக்கும் உரிமை ஒப்புக்கொள்ளப்பட்டது. அப்போது திவான் மாதவராவ். சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவெல்யன் கொடுத்த நெருக்கடியும் அதன் பின்னால் இருந்தது.

இந்தத் தாக்குதல்கள் எங்கே நடந்தன என்று பாருங்கள். பல இடங்களில் சந்தையிலும் சந்தைக்குப் போகும் வழியிலும்தான் பெண்களின் மேலாடை கிழிக்கப்பட்டது. வீட்டுக்குள் இருந்த பெண்ணை வழியில் நின்று யாரும் மறிக்க முடியாது. தலையில் சுமையோடு பொதுவழியில் நடந்தவளைத்தான் மறிக்க முடியும். ஆகவே இந்தக் கலகம் மானப் பிரச்சினையாக இருந்ததோடு வயிற்றுப் பிரச்சினையாகவும் இருந்தது. சந்தைக்குப் போனால் அவமானம், போகாவிட்டால் பட்டினி. இந்த இரண்டுக்கும் நடுவில் நின்ற பெண் மேலாடையைக் கழற்றிவிட்டுப் போயிருந்தால் அன்றைக்கு வியாபாரம் நடந்திருக்கும். பலர் அப்படிச் செய்யவில்லை. கூட்டமாகப் போனார்கள், மிஷன் சபை வழியாக மனுக் கொடுத்தார்கள், ஆண்டுக்கணக்கில் பொறுத்து நின்றார்கள். பாறசாலையில் 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்தே இலண்டன் மிஷன் நிலையம் இருந்தது இவர்களுக்கு ஓர் ஆதரவு. தனியாகப் போகாதே, சேர்ந்து போ என்ற பாடம் இங்கேதான் தொடங்குகிறது எனலாம்.

இதே காலத்தில் நாகர்கோவிலில் மிஷனரி சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட் 1820களில் பெண்களுக்கு லேஸ் பின்னல் கற்றுக்கொடுத்தார். அடிமைக் குடும்பத்துப் பெண்கள் சிலர் இந்த வருமானத்தைச் சேர்த்துத் தங்கள் விடுதலையை விலைக்கு வாங்கினார்கள் என்பது மிஷன் வரலாற்றில் பதிவாகியுள்ளது. திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது 1855இல்தான் என்பதை நினைத்தால் இதன் அருமை புரியும். எனினும் இத்தொழில் கடல்கடந்த வாடிக்கையாளரை நம்பியது. ஊசியும் நூலும் அவள் கையில், சந்தை எங்கோ தூரத்தில். இந்த வேறுபாடு பிற்காலத்தில் பல தொழில்களில் திரும்பத் திரும்ப வருகிறது.

வங்கி உடைந்ததும் அரிசி நின்றதும்

1938ஆம் ஆண்டு நெய்யாற்றின்கரைக்கு மறக்க முடியாத ஆண்டு. ஆகஸ்ட் 31ஆம் நாள் அங்கே துப்பாக்கிச்சூடு நடந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்னால், ஜூன் மாதம், திருவாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் வங்கி பணம் கொடுப்பதை நிறுத்திவிட்டது. இரண்டு பெரிய வங்கிகள் சேர்ந்து உருவான வங்கி அது. சந்தைப் பெண்கள் அந்த வங்கியில் கணக்கு வைத்திருந்திருப்பார்களா? அநேகமாக இல்லை. ஆனால் அவர்களுக்குக் கடன் சரக்குக் கொடுத்த மொத்த வியாபாரிக்குக் கணக்கு இருந்திருக்கும். மொத்த வியாபாரியின் பணம் முடங்கினால் முதலில் அவன் நிறுத்துவது கடைசிப் படியில் நிற்பவளுக்குக் கொடுக்கும் கடனைத்தான். இது எந்தக் காலத்து வியாபார வழக்கமும் ஆகும். வங்கி வாசலை மிதிக்காதவளும் வங்கி உடைந்தால் பாதிக்கப்படுகிறாள்.

அடுத்து 1942. ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. திருவிதாங்கூர் தன் தேவைக்கு வேண்டிய அரிசியில் பெரும்பகுதியை வெளியிலிருந்து வாங்கிய நாடு. பஞ்சமும் நோயும் சேர்ந்து வந்தன. அப்போது கைகொடுத்தது மரச்சீனிக் கிழங்கு. 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அதைப் பரப்ப ஊக்கம் கொடுத்திருந்தார். கொல்லையில் குச்சியை நட்டால் வளரும் பயிர். நெல் விற்க நிலம் வேண்டும், மரச்சீனிக்குக் கொல்லைப்புறம் போதும். கிழங்கைப் பிடுங்கிப் பச்சையாகவும், அவித்தும், வாட்டி உலர்த்தியும் விற்கலாம். சரக்கு ஒன்று நின்றால் இன்னொன்றுக்கு மாறும் இந்த வழக்கம் எல்லையோரப் பெண்களிடம் வேரூன்றியிருந்தது. காலையில் ஓலை முடைவாள், மத்தியானம் கிழங்கு விற்பாள், இரவில் கயிறு திரிப்பாள். இதைச் சிலர் நிலையில்லாத தொழில் என்பார்கள். நிலையில்லாத காலத்துக்கு அதுதானே நிலை?

முட்டையும் தேனும்

1920களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் கிராமப் புனரமைப்பு மையம் ஒன்றை நடத்தினார். உயர்ந்த இனக் கோழி, தேனீப் பெட்டி, நல்ல முறையில் கருப்பட்டி தயாரித்தல் ஆகியவற்றைக் கற்றுக்கொடுத்து, முட்டையையும் தேனையும் கூட்டுறவு முறையில் வெளியூர்களுக்கு அனுப்பினார்கள். பழைய தொழிலை விடாமல் அதன் பக்கத்தில் இன்னொரு சிறு வருமானத்தைச் சேர்ப்பது என்பது இத்திட்டத்தின் சாரம். முட்டையும் தேனும் வீட்டோடு செய்யும் தொழில்கள். ஆகவே பெண்கள் கைக்கு வந்து சேர்ந்ததில் வியப்பில்லை.

இதற்கும் இடி விழுந்தது. 1991–92இல் தாய் சாக் புரூட் என்னும் நச்சுயிரி நோய் கேரளத்திலும் குமரி மாவட்டத்திலும் நாட்டுத் தேனீக் கூட்டங்களில் பெரும்பாலானவற்றை அழித்துவிட்டது. காலையில் பெட்டியைத் திறந்தால் செத்த புழுக்கள்! பெட்டிகளை அடுக்கி மூலையில் வைத்துவிட்டுப் பலர் வேறு வேலைக்குப் போனார்கள். நோயைத் தாங்கிய சில கூட்டங்களிலிருந்து மீண்டும் பெருக்கி எடுக்கச் சில ஆண்டுகள் ஆயின. இன்று இரப்பர்த் தோட்டத்தை நம்பி நடக்கும் தேன் தொழில் அப்படி மீண்டதுதான். மீண்டவர்கள் பெரும்பாலும் தேனை மட்டும் நம்பாதவர்கள் என்பது கருதத்தக்கது. காத்திருக்க முடிந்தவனுக்குத்தான் கூட்டம் மறுபடி பெருகும்.

எல்லை வந்த கதை

இன்றைய இளைஞர்கள் பலருக்கு இது தெரியாது: களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் இடையே 1956க்கு முன் எல்லை என்று ஒன்று கிடையாது. விளவங்கோடும் நெய்யாற்றின்கரையும் ஒரே திருவிதாங்கூரின் அடுத்தடுத்த வட்டங்கள். சுங்கம் கட்டும் இடம் கிழக்கே ஆரல்வாய்மொழியில் இருந்தது. 1865இல் பிரிட்டிஷ் இந்தியா, திருவிதாங்கூர், கொச்சி ஆகியவற்றுக்கிடையே ஏற்பட்ட வணிக உடன்படிக்கையால் அந்தத் தடையும் பெரிதும் நீங்கியது.

பின்னர் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் தமிழ்ப் பகுதிகளைச் சென்னை மாநிலத்தோடு இணைக்கப் போராடியது. 1954 ஆகஸ்ட் 11ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச்சூடு நடந்து உயிர்கள் போயின. 1955இல் வந்த பசல் அலி ஆணைய அறிக்கை தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகியவற்றைத் தமிழகத்துக்குப் பரிந்துரைத்தது. நெய்யாற்றின்கரையும் தேவிகுளமும் பீர்மேடும் கிடைக்கவில்லை. 1956 நவம்பர் 1 முதல் அண்ணன் வீடு ஒரு மாநிலம், தங்கை வீடு இன்னொரு மாநிலம் என்றாயிற்று.

அரசியலில் இது என்ன என்பதைப் பலர் எழுதிவிட்டார்கள். சந்தைப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று? நேற்று வரை நடந்துபோன வழியில் சோதனைச் சாவடி வந்தது. ஒரு பக்கத்து விலையும் வரியும் மறுபக்கத்தில் இல்லை. அலுவலக மொழி இந்தப் பக்கம் மலையாளம், அந்தப் பக்கம் தமிழ். ஆனால் விலை வேறுபாடு இருக்கும் இடத்தில் வியாபாரமும் இருக்கும். உறவு இரண்டு பக்கமும் இருந்தவர்களுக்கு எல்லை ஒரு முதலாகவே ஆனது. அங்கே மலிவான காய்கறி இங்கே வந்தது, இங்கிருந்து கிழங்கும் தேங்காயும் அங்கே போயின. இரண்டு மொழியும் பேசத் தெரிந்தது பெரிய பலம். தமிழ்ச் சொல்லைப் பேரத்துக்கும் மலையாளச் சொல்லை அதிகாரிக்கும் வைத்துக்கொண்டார்கள்!

1957இல் தென்மாநிலங்கள் சேர்ந்து ஓர் உணவு மண்டலமாக இருந்தவரை அரிசி தடையின்றிப் போய்வந்தது. 1964இல் அந்த மண்டலம் கலைக்கப்பட்டது. அந்த ஆண்டு நவம்பர் 1 முதல் கேரளத்தில் சட்டப்படியான ரேஷன் முறை வந்தது. அனுமதி இல்லாமல் எல்லை தாண்டி அரிசி கொண்டுவருவது குற்றமாயிற்று. அப்போது சிறு சிறு பொட்டலமாக, கடவத்தின் அடியில், சேலை மடிப்பில் அரிசி கொண்டுவந்து விற்ற பெண்கள் எல்லைப் பகுதிகளில் இருந்தார்கள். இதைப் பெருமையாகச் சொல்வதற்கில்லை. சட்டம் சட்டம்தான். ஆனால் லாரி லாரியாகக் கடத்தியவனும் நான்கு படி அரிசி சுமந்தவளும் ஒரே சொல்லால் கடத்தல்காரர் என்று அழைக்கப்பட்டது நியாயமா என்று கேட்கத்தான் வேண்டும். பிடிபட்டால் அவளுக்குப் போவது அன்றைய இலாபம் மட்டும் அல்ல, முதலே போய்விடும்.

மீன் கூடையும் பேருந்தும்

நெய்யாற்றின்கரை வட்டத்தின் கடற்கரையில் பூவாரும் பொழியூரும் இருக்கின்றன. பொழியூரை அடுத்து நீரோடி, அது தமிழ்நாடு. கடலுக்கு எல்லைக்கல் இல்லை. ஆண்கள் மீன் பிடிப்பார்கள், கரையில் ஏலம் எடுத்து உள்நாட்டு ஊர்களுக்குச் சுமந்துபோய் விற்பது பெண்கள். ஏலத்தில் பெரும்பாலும் கடனாக எடுத்து, விற்றபின் கொடுப்பது வழக்கம். மீன் ஒரு நாள் சரக்கு. கருப்பட்டிக்குப் பரண் உண்டு, மீனுக்குப் பரண் ஏது?

முன்பு இவர்களைக் கூடையோடு பேருந்தில் ஏற்ற மறுத்தார்கள். நாற்றம் என்றார்கள். மைல்கணக்கில் நடந்தால் மீன் கெடும், விலை பாதியாகும். திருவனந்தபுரம் மாவட்ட மீனவப் பெண்கள் சேர்ந்து போராடியதால் 1980களின் தொடக்கத்தில் அவர்களுக்கென்று தனிப் பேருந்து விடப்பட்டது. 2021 ஆகஸ்டில் கேரள அரசுப் போக்குவரத்துக் கழகமும் மீன்வளத் துறையும் சேர்ந்து சமுத்ரா என்ற பெயரில் இலவசப் பேருந்துகளைத் தொடங்கின. நடுவில் 40 ஆண்டுகள். இருந்தாலும் கேட்டதால் கிடைத்தது, கேட்காமல் கிடைக்கவில்லை.

2017 நவம்பர் 29, 30 தேதிகளில் ஒக்கிப் புயல் வந்தது. விழிஞ்ஞம், பூந்துறை, பொழியூர், அந்தப் பக்கம் நீரோடி, சின்னத்துறை, தூத்தூர் என்று இரு மாநிலக் கரையும் ஒன்றாக அழுதது. இறந்தோர் குடும்பங்களுக்கு இழப்பீடு வந்தது. சேதமான படகையும் வலையையும் எண்ணிப் பார்க்க முடியும். வாடிக்கை போன மீன்காரியின் நட்டத்தை எந்தப் பட்டியலில் எழுதுவது? நான்கு வாரம் வராத மீன்காரிக்குப் பதில் அந்தத் தெருவில் வேறொருவர் வண்டியில் மீன் கொண்டுவந்துவிடுவார். திரும்பி வரும்போது அவளுடைய வீடுகளில் பாதி கைமாறியிருக்கும். படகு கடலில் மூழ்குகிறது, வாடிக்கை கரையிலேயே மூழ்குகிறது.

பணம் செல்லாமல் போனதும் பாதை அடைபட்டதும்

2016 நவம்பர் 8ஆம் நாள் இரவு 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் 86 விழுக்காடு ஒரே இரவில் முடங்கியது. ரொக்கத்தில் மட்டும் நடக்கும் சந்தை வியாபாரம் அப்படியே நின்றது. ஒரு வாரத்துக்குள் மாவட்டக் கூட்டுறவு வங்கிகள் பழைய தாளை வாங்கக் கூடாது என்ற தடையும் வந்தது. கேரளத்துக் கிராமப்புறம் கூட்டுறவுச் சங்கங்களை நம்பியது என்பதால் அடி இரட்டிப்பானது. அப்போது நடந்தது பழைய முறைதான்: பற்று எழுதிக்கொள்வது. “பிறகு தா, எங்க போயிரப் போற” என்ற ஒரு சொல்லில் பல சந்தைகள் ஓடின. 2017 ஜூலை 1இல் ஜி.எஸ்.டி. வந்து வணிகவரிச் சோதனைச் சாவடிகள் எடுக்கப்பட்டபோது அமரவிளைப் பாதை கொஞ்சம் எளிதானது.

அந்த எளிமை மூன்றாண்டுகூட நீடிக்கவில்லை. 2020 மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. 1956இல் வந்த கோடு, 64 ஆண்டுகள் கழித்து உண்மையிலேயே சுவராக ஆனது. மே மாதத்தில் அனுமதிச்சீட்டு உள்ளவர்கள் வருவதற்குக் கேரளம் திறந்த சில வாயில்களில் இஞ்சிவிளையும் ஒன்று. ஆனால் செல்பேசியில் விண்ணப்பித்து அனுமதி வாங்கிக் கீரை விற்க யார் போவார்கள்? ஜூலை 18 முதல் இடவா தொடங்கிப் பொழியூர் வரை திருவனந்தபுரம் மாவட்டக் கடற்கரை முழுவதும் அடைக்கப்பட்டது. 1979இல் திருவனந்தபுரம்–நாகர்கோவில் ரயில்பாதை திறந்தது முதல் சிறு வியாபாரிகளுக்கு உதவியாக இருந்த பாசஞ்சர் வண்டிகளும் நின்றன. மீண்டும் ஓடத் தொடங்கியபோது குறைந்த கட்டணம் 10 ரூபாயிலிருந்து 30 ரூபாயாகி இருந்தது, சீசன் டிக்கெட்டும் உடனே செல்லுபடியாகவில்லை. பழைய கட்டணம் திரும்பி வந்தது 2024 பிப்ரவரியில்தான். 20 ரூபாய்தானே என்று நாம் சொல்லலாம். போக வர 40 ரூபாய், மாதம் 25 நாள் என்றால் 1000 ரூபாய். அது அவளுடைய பல நாள் இலாபம்.

தாங்கிய வழிகளும் அவற்றின் விலையும்

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால் இப்பெண்கள் கையாண்ட வழிகள் ஐந்து என்று தெரிகிறது. ஒன்றுக்கு மேற்பட்ட தொழில் கைவசம் வைத்திருப்பது முதலாவது. கருப்பட்டிப் பரணோ, பிடியரிசியோ, சீட்டோ ஏதாவது ஒரு சிறு சேமிப்பு இரண்டாவது. எல்லைக்கு இருபுறமும் உறவைக் காப்பது மூன்றாவது. வாங்குபவரோடும் கொடுப்பவரோடும் நம்பிக்கையைக் கெடுக்காமல் பற்று வரவு நடத்துவது நான்காவது. தனியாக முடியாதபோது கூட்டமாகச் சேர்ந்து கேட்பது ஐந்தாவது.

இதைப் படித்துவிட்டு “அடேயப்பா, நம் பெண்கள் எதையும் தாங்குவார்கள்” என்று பெருமைப்பட்டு நிறுத்திக்கொள்வது எளிது. அப்படிச் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. தாங்கியதற்கு ஒரு விலை கொடுக்கப்பட்டிருக்கிறது. தண்டல் கடனை எடுத்துக்கொள்ளுங்கள். எடுத்துக்காட்டாக 1000 ரூபாய்க் கடன் என்று எழுதி 900 ரூபாய் கையில் தருவார்கள், நாளொன்றுக்கு 100 வீதம் 10 நாளில் அடைக்க வேண்டும். வியாபாரம் ஓடினால் அடைந்துவிடும். நான்காம் நாள் பாதை அடைபட்டால்? மூன்று நாளில் 300 கட்டியாயிற்று, சரக்கு அழுகிப்போயிற்று, இன்னும் 700 பாக்கி. அதை அடைக்க இன்னொரு தண்டல். முதலுக்கே மோசம் என்பது இதுதான். பிறகு காதுக் கம்மல் போகும், மூத்த மகளின் படிப்பு நிற்கும். தாய் தாங்கினாள் என்று நாம் எழுதுகிறோம், உண்மையில் தாங்கியது அந்த மகளாகக்கூட இருக்கலாம்.

ஆகவே தாங்கும் திறமையைப் புகழ்வதைவிட, தாங்க வேண்டிய சுமையைக் குறைத்தவர்களைப் பார்ப்பது நல்லது. அகமதாபாத்தில் இலா பட் 1972இல் சுயதொழில் பெண்களுக்கென்று சேவா சங்கத்தைத் தொடங்கினார். 1974இல் 4,000 பெண்கள் ஆளுக்கு 10 ரூபாய் போட்டுத் தங்களுக்கே ஒரு வங்கி அமைத்தார்கள். சென்னையில் 1978இல் ஜெயா அருணாசலம் உழைக்கும் பெண்கள் மன்றத்தைத் தொடங்கினார். கேரளத்தில் 1998இல் குடும்பஸ்ரீ வந்தது. தமிழ்நாட்டில் 1989இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் குழு முறை பின்னர் மாநிலம் முழுவதும் பரவியது. 2014ஆம் ஆண்டுத் தெருவோர வியாபாரிகள் சட்டம் நகர விற்பனைக் குழுக்களில் வியாபாரிகளின் பிரதிநிதிகளில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது. 2020 ஜூனில் தெருவோர வியாபாரிகளுக்கு 10,000 ரூபாய் கடன் தரும் மத்திய அரசுத் திட்டமும் வந்தது. இவை எல்லாவற்றிலும் ஒரே கருத்துதான்: முதல் போய்விடாமல் காப்பது. முதல் இருந்தால் அவள் மறுநாள் எழுந்து நடந்துவிடுவாள், அதற்கு மேல் யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

நம் கடமை

வெளிமாநிலத்தில் வாழும் நம் குடும்பங்களில் பலவற்றில் ஒரு தலைமுறைக்கு முன் இப்படி ஒரு சந்தைப் பெண் இருந்திருப்பாள். அவள் சுமந்த கூடையில்தான் நம்மில் சிலர் படித்தோம், கடை வைத்தோம், உத்தியோகம் பார்த்தோம். அவர்களில் எஞ்சியிருப்போர் இன்று எண்பதைக் கடந்தவர்கள். 1956இல் எல்லை வந்தபோது சந்தை எப்படி இருந்தது, 1964இல் அரிசிக்கு என்ன செய்தார்கள் என்று நேரில் சொல்லக்கூடியவர்கள் இனி அதிகக் காலம் இருக்கமாட்டார்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போகும் பிள்ளைகள் செல்பேசியில் ஒரு மணி நேரம் பாட்டியின் பேச்சைப் பதிவு செய்து வரட்டும். என்ன விற்றாய், எங்கே வாங்கினாய், யார் கடன் கொடுத்தார், தொழில் நின்றபோது என்ன செய்தாய் என்ற நான்கு கேள்வி போதும். அவற்றை எழுத்தாக்கி அடுத்த மலரில் வெளியிடலாம்.

இரண்டாவதாக ஒரு வேண்டுகோள். நம் சங்கம் ஆண்டு விழாவுக்குச் செலவிடுவதில் ஒரு சிறு பகுதியை ஒதுக்கி, எல்லையோரச் சிறு வியாபாரப் பெண்களுக்கு வட்டியில்லாக் கைமாற்று நிதி ஒன்று ஏற்படுத்தலாம். மழை, நோய், ஊரடங்கு என்று தொழில் நின்ற வாரத்தில் கொடுத்து, ஓடத் தொடங்கியபின் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். திரும்பி வருமா என்று கேட்பவர்களுக்கு ஒரு வியாபாரியாகச் சொல்கிறேன். பெரிய கடைக்காரரிடம் என் பாக்கி நின்றதுண்டு. சந்தைப் பெண்களிடம் நின்ற பாக்கி மிகக் குறைவு. நாளைக்கும் அதே இடத்தில் கூடையை இறக்க வேண்டியவள், வாங்கின சொல்லைக் காப்பாற்றுவாள்.